திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி

ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற வழக்கு ஹை-ஃபை ரசிகர்களிடையே எழுபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. விலை ஏற ஏற இசை மெய்யாகிக்கொண்டே போகும் என்கிறது ஒரு பக்கம். ஓர் அளவுக்கு மேல் கொடுக்கும் பணமெல்லாம் மரவேலைக்கும் பெயருக்கும்தான் என்கிறது மறுபக்கம். 2012இல் இங்கிலாந்தின் கே.இ.எஃப். நிறுவனம் எல்.எஸ்.50 என்ற சிறிய ஸ்பீக்கரை ஜோடி சுமார் 1,500 டாலருக்குக் கொண்டுவந்தது. 2016இல் அமெரிக்காவின் வில்சன் ஆடியோ தன் உச்சப் படைப்புக்கு ஜோடி 6,85,000 டாலர் விலை வைத்தது. மொத்தம் 70 ஜோடிதான் செய்வதாகவும் அறிவித்தது. நானூறு மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் காதுக்கு எவ்வளவு எட்டும் என்பதே கேள்வி. வாதாடும் இரு தரப்பும் காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 1930இல் சரியாக இருந்த பதில் 1960இல் பொருந்தவில்லை. 1960இன் பதில் இன்றைக்குப் போதவில்லை. ஸ்பீக்கரின் ஒலி உயர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதை உயர்த்தியது புதிதாகக் கிடைத்த அறிவு. அந்த அறிவு பரவியபோதெல்லாம் நல்ல ஒலியின் விலை இறங்கியிருக்கிறது. பணம் கூடினால் ஒலியும் கூடும் என்பது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தின் நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் இன்னும் விலை கேட்கப்படுகிறது என்பது என் வாதம்.

இன்று வீட்டிலும் காரிலும் கைப்பேசியிலும் இருக்கும் ஸ்பீக்கரின் வடிவம் 1925இல் உறுதியானது. அதுவரை வானொலிக்குத் துணையாக வந்தது, தொலைபேசியின் காதுக்கருவி மேல் ஊதுகுழலைப் பொருத்தியது போன்ற ஒன்று. மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் ஒரு சிறிய காகிதக் கூம்பைக் காந்தப் புலத்துக்குள் அசையும் கம்பிச் சுருளோடு ஒட்டினார்கள். கம்பிச்சுருளை அசைக்கும் யோசனை அவர்களுக்கு முன்பே இருந்ததுதான். கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண்ணை இசையின் எல்லைக்குக் கீழே தள்ளிவிட்டால், அதற்கு மேல் பரந்த அளவுக்கு ஒலி ஏற்ற இறக்கமின்றிச் சீராக வரும் என்று கணக்கோடு காட்டியது அவர்களுடைய சாதனை. மறு ஆண்டே அது ரேடியோலா 104 என்ற பெயரில் ஆம்ப்ளிஃபையரையும் உள்ளடக்கி 250 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அப்போது ஃபோர்டின் மலிவான டி மாடல் கார் 300 டாலருக்குள் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு காரின் விலைக்கு ஓர் ஒலிபெருக்கி! இருந்தும் அந்த விலை நியாயமானதே. வலிமையான நிலைக்காந்தம் அன்று இல்லாததால் மின்காந்தம் வைத்தாக வேண்டியிருந்தது. கூடவே வால்வு ஆம்ப்ளிஃபையர், அதற்கான மின்வழங்கி. அந்த ஒலியைப் பெற மலிவான வேறு வழியே அன்றைக்கு இருக்கவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகள் பெரிய குழல்களின் காலம். 1920களின் கடைசியில் பேசும் படங்கள் வந்தபோது, ஒரு தியேட்டர் முழுவதையும் நிரப்ப ஆம்ப்ளிஃபையர்களிடம் இருந்தது சில வாட் சக்திதான். அந்தச் சொற்ப சக்தியை வீணாக்காமல் காற்றில் இறக்கக் குழலைவிட்டால் வழியில்லை. நம் ஊர்த் திருவிழாவில் மரக்கிளையில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் சிறிய ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்வரை எட்டுவதும் இதே தத்துவத்தால்தான். தமிழில் இந்தக் கருவிக்கு அமைந்த பெயரே ஒலிபெருக்கி; பெருக்குவதுதான் அதன் வேலை என்ற காலத்தின் முத்திரை அந்தச் சொல்லில் இருக்கிறது. பிரச்சினை தாழ்ந்த ஒலியில் இருந்தது. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டர். அதைச் சரியாக வெளியேற்றும் குழல் வீட்டுக்குள் அடங்காது. ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் இதற்கு அழகான ஒரு தீர்வு கண்டார். குழலைப் பலமுறை மடித்துப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியை அறை மூலையில் நிறுத்தி, இரு சுவர்களையுமே குழலின் நீட்சியாக்கிக்கொண்டார். 1946இல் விற்பனைக்கு வந்த கிளிப்ஷ்ஹார்ன் இன்றும் செய்யப்படுகிறது. அலமாரி அளவுள்ள அந்தப் பெட்டியில் மரமும் தச்சனின் உழைப்பும் ஏராளம். அந்த மரமும் மடிப்பும்தான் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியைத் தந்தன. எனவே பெரிது, கனமானது, விலை உயர்ந்தது, நல்லது என்ற நான்கும் ஒன்றாகவே வந்தன. ஹை-ஃபை ரசிகர்களின் மனதில் இந்த நான்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது இந்தக் காலத்தில்தான். அன்று அது தவறும் இல்லை.

அந்த ஒட்டைப் பிரித்தவர் எட்கர் வில்ச்சூர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிபெருக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பான வூஃபரில், அக்காலத்துப் பெரியவற்றின் குறையை அவர் ஒரே இடத்தில் கண்டார்: கூம்பைப் பிடித்து நிறுத்தும் விளிம்பும் தாங்கியும். கூம்பு சற்று அதிகமாக அசைந்தாலே அவற்றின் இழுவை சீர்கெடும். பாஸ் ஒலி உருக்குலையும். இந்த இழுவையை அறவே தளர்த்திவிட்டு, கூம்பைத் திரும்ப இழுக்கும் வேலையை வேறு எதனிடமாவது ஒப்படைத்தால்? காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஒரு வில். துணியாலும் காகிதத்தாலும் செய்த எந்த வில்லையும்விட ஒழுங்கானது. அதற்குப் பெட்டி சிறிதாக இருந்தாக வேண்டும். அதாவது, பெட்டியின் சிறுமை இங்கே சமரசமாகப் பொறுத்துக்கொள்ளும் குறை ஆகாது, அதுவே இயந்திரத்தின் ஓர் உறுப்பு. மாணவர் ஹென்றி கிளாஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1954இல் நியூயார்க் ஆடியோ கண்காட்சியில் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரை வைத்தார். புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டி. விலை 185 டாலர். அதைவிடப் பன்மடங்கு பெரிய பெட்டிகளால் தர முடியாத தாழ்ந்த ஒலியைத் தந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. கிளாஸோடு பின்னர் கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய ஆன்டன் ஹாஃப்மன், பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன், அதை ஓர் இரும்பு விதியாகச் சொன்னார்: சிறிய பெட்டி, தாழ்ந்த பாஸ், அதிகத் திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். வில்ச்சூர் திறனைக் கைவிட்டார். அவருடைய பெட்டிக்குக் கிளிப்ஷ்ஹார்னைப் போலப் பல பத்து மடங்கு வாட் தேவைப்பட்டது. ஆனால் போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் வாட் மலிவாகிக்கொண்டு வந்தது. தச்சு வேலை மலிவாகவில்லை. விலை குறையும் பொருளைச் செலவழித்து விலை குறையாத பொருளை மிச்சப்படுத்தினார் என்பதில்தான் அவருடைய அறிவின் ஆழம் தெரிகிறது.

1958இல் வந்த ஏ.ஆர்.-3, நடு ஒலிக்கும் உயர் ஒலிக்கும் குவிமாட வடிவச் சிற்றுறுப்புகளைச் சேர்த்துக்கொண்டது. உயர் ஒலி தரும் இன்றைய ட்வீட்டர்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. நிறுவனம் அதை வைத்து மேடையில் ஒரு சோதனை நடத்தியது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரொலி இல்லாத சூழலில் முன்பே பதிவுசெய்த அவர்களுடைய வாசிப்பை ஸ்பீக்கர் ஏற்கும். வில்கள் மட்டும் தந்தியைத் தொடாமல் அசையும். மாற்றம் நிகழ்ந்த இடத்தை அவையில் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. இதை அப்படியே சான்றாக ஏற்கத் தயங்க வேண்டும். 1915 முதல் பத்தாண்டுகள் எடிசன் நிறுவனமும் இதே வித்தையைக் காட்டியது. 1916இல் கார்னகி அரங்கத்திலேயே பாடகியும் வட்டுப்பெட்டியும் மாறிமாறிப் பாடினார்கள். மின்சாரமே இல்லாமல் வேலைசெய்த அந்தப் பெட்டியின் ஒலியை இன்று யாரும் மனிதக் குரல் என்று நம்ப மாட்டார்கள். அன்றைய அவை நம்பியது. பெட்டியின் அளவுக்குத் தன் குரலை அடக்கிப் பாடியதாக, எடிசனின் இத்தகைய நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். காது எளிதில் வசப்படும் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளுமே சாட்சி. ஏ.ஆர். பெட்டியின் மதிப்பை நிறுவ மேடை தேவையில்லை, அளவுமானியே போதும். 1960களின் நடுவில் அமெரிக்க ஸ்பீக்கர் சந்தையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு நிறுவனத்திடம் இருந்தது. பெருஞ்செல்வர் வீட்டு மூலையில் இருந்த பாஸ் ஒலி, ஆசிரியர்களும் எழுத்தர்களும் வாடகைக்கு இருந்த அறைகளுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையே இங்கிலாந்தில் 1957இல் பீட்டர் வாக்கர் கூம்பையே விட்டுவிட்டு, மின்னூட்டம் பெற்ற மெல்லிய படலத்தால் குவாட் ஸ்பீக்கரை உருவாக்கினார். மனிதக் குரலில் அதன் தெளிவை மிஞ்சப் பிற்காலத்தில் பலர் முயன்றார்கள். 1970களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற, ஒரு முழம்கூட உயரமில்லாத பெட்டியை வடிவமைத்து, அதைச் செய்யும் உரிமத்தைப் பல சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. இவையெல்லாம் தனித்தனிச் சாதனைகள். ஆனால் வேலையின் இயல்பையே மாற்றியது ஒரு கணிதக் கட்டுரை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் எழுதி, பத்தாண்டுகள் உலகத்தின் கவனத்துக்கு வராமல் கிடந்த அதை, சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்டு ஸ்மால் 1972, 1973 ஆண்டுகளில் விரித்தெழுதினார். வூஃபரின் சில அளவுகள் தெரிந்தால் போதும். எந்தப் பெட்டியில் அது எப்படி ஒலிக்கும் என்பதை மரத்தை அறுப்பதற்கு முன்பே கணக்கிடலாம். அதுவரை வூஃபருக்கேற்ற பெட்டியைக் கண்டடைவது, பல பெட்டிகள் செய்து கேட்டுப் பார்த்த அனுபவசாலிகளின் கைத்திறம். அந்தக் கைத்திறத்துக்குக் கொடுத்த பணத்துக்கு அர்த்தம் இருந்தது. இன்று வூஃபரோடு வரும் தாளிலேயே தீல்-ஸ்மால் அளவுகள் அச்சாகின்றன. கணக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் தன் பெட்டியைத் தானே வடிவமைக்கலாம்.

எஞ்சியிருந்தது மிகக் கடினமான கேள்வி: நல்ல ஒலி என்று காது எதைச் சொல்கிறது? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், ஒட்டாவா நகரில், ஃபிளாய்டு டூல் இதற்காகப் பல ஆண்டுகள் செலவிட்டார். ஒலி புகும், பார்வை புகாத திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, ஒலியளவைச் சமமாக்கி, கேட்பவர்களை மதிப்பெண் இடச் சொன்னார். 1985, 1986 ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகள் ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த ஒன்றைத் தகர்த்தன. லோகோ பின்ன ருசி என்பது ஸ்பீக்கர் விஷயத்தில் பெரும்பாலும் செல்லவில்லை. செவித்திறன் இயல்பாக இருந்தவர்கள் எவை நல்லவை என்பதில் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போனார்கள். தீர்ப்பில் தடுமாறியவர்கள் செவித்திறன் குறைந்தவர்கள். நேர் எதிரே சீரான ஒலியும், பக்கங்களிலும் அதே குணம் மாறாத ஒலியும் தரும் ஸ்பீக்கரைக் காது தேர்ந்தெடுத்தது. பக்கவாட்டு ஒலி சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வந்துவிடுவதால், அதில் உள்ள கோணலை மறைக்க முடியாது. பிறகு டூல், ஸ்பீக்கர் விற்கும் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட சோதனையைத்தான் இந்த வழக்கின் முக்கியச் சாட்சியாகக் கருதுகிறேன். நிறுவன ஊழியர்கள் 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களை ஒருமுறை திரையோடும் ஒருமுறை திரையின்றியும் கேட்டார்கள். திரை விலகியதும் பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. பிளாஸ்டிக் பெட்டிகளால் ஆன மலிவான சிறு செட்டின் மதிப்பெண் விழுந்தது. ஒலியில் எதுவும் மாறவில்லை. அந்த ஊழியர்கள் ஒலித்தொழிலுக்குள்ளேயே இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பத்தாண்டு கழித்து ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவைகளிலிருந்து, திரை மறைவில் அவை பெறக்கூடிய மதிப்பெண்ணைக் கணித்துச் சொல்லும் சூத்திரம் ஒன்றை அமைத்தார். கணிப்புக்கும் உண்மை மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.86. அந்தச் சூத்திரத்தில் விலைக்கு இடமே இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சில வலுவானவை. திரைச் சோதனையின் பதற்றத்தில் நுண்மை பிடிபடாது, ஒரு ஸ்பீக்கரோடு மாதக்கணக்கில் வாழ்ந்தால்தான் அதன் அருமை தெரியும் என்பது ஒன்று. நீண்ட காலம் பழகினால் குறைகளுக்குக் காது பழகிப்போகும் என்பதும் அதே அளவு உண்மை. பழக்கம் பாராட்டையும் வளர்க்கும், குறையையும் மறைக்கும். நுண்மை பிடிபடாது என்பதும் சரியாகாது. திரைச் சோதனைகள் சிறு வேறுபாடுகளையும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கண்டுபிடிக்கின்றன. அதனால்தான் அவற்றிலிருந்து சூத்திரமே எழுத முடிந்தது. தேர்ந்த காது உள்ளவர்களுக்கு வேறு தீர்ப்பு என்பது அடுத்த வாதம். 2003இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சி பெற்றவர்கள், கடைக்காரர்கள், விமரிசகர்கள், மாணவர்கள் எல்லாரும் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் கூர்மையாகவும் கறாராகவும் மதிப்பிட்டார்கள், ஆனால் எது முதல், எது கடைசி என்ற வரிசை பொதுவில் ஒன்றாகவே வந்தது. ஸ்பீக்கர் விற்கும் நிறுவனத்தின் ஆய்வை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. விலை உயர்ந்த ஸ்பீக்கர்களையும் விற்கும் அந்த நிறுவனம், தன் ஊழியர்களே தோற்றத்துக்கு மயங்கினார்கள் என்று சொந்த லாபத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னதால் எனக்கு அதில் நம்பிக்கை கூடுகிறது.

விலை தரும் உண்மையான பயன் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நேர்மையாகாது. ஆலிவின் சூத்திரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு எடை, பாஸ் எவ்வளவு தாழ இறங்குகிறது என்பதற்குப் போகிறது. பாஸ் விஷயத்தில் இயற்பியல் சலுகை காட்டாது. 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு அதே உரப்போடு இறங்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு, நீண்ட அசைவு, வலுவான காந்தம், அதிராத பெட்டி எல்லாம் தேவை, ஒவ்வொன்றும் பணம். பெரிய அறையில் சிம்ஃபொனி இசையின் முழு வீச்சையும் உருக்குலையாமல் கேட்க விரும்புகிறவருக்குச் சிறிய பெட்டி, எவ்வளவு நல்லதானாலும், போதாது. எல்.எஸ்.3/5ஏ அற்புதமான பெட்டி. அதனிடம் பெரிய ஆர்கனின் அடிக்குழாயைக் கேட்கக் கூடாது. ஆனால் இந்தத் தேவைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைதான் ஆட்சி செய்கிறது. அறையின் நீள அகலத்தால் சில சுரங்கள் உறுமும், சில காணாமல் போகும். ஸ்பீக்கரின் விலைப்பட்டியல் அறைக்குத் தெரியாது. தனி சப்வூஃபர்களும் அறையை அளந்து திருத்தும் மின்னணுக் கருவிகளும் வந்த பிறகு, பாஸ் என்ற இந்தக் கடைசிக் கோட்டையிலும் பணத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. சில ஆயிரம் டாலருக்குள் இவை எல்லாமே முடிந்துவிடுகின்றன. அதற்கு மேலே உள்ள லட்சங்களுக்குக் காதின் வழியே வரும் நியாயத்தை என்னால் காண முடியவில்லை.

அப்படியானால் அழகுக்கும் உழைப்புக்கும் விலை இல்லையா என்று கேட்பார்கள். தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு, ஒட்டுப்போட்ட வீணையைவிட அதிக விலை கொடுக்கிறோமே என்பார்கள். வீணையில் அந்த மரம் பாடுகிறது. அதன் வயதும் ஈரப்பதமும் குடைந்தவரின் கையும் நாதத்தில் கேட்கின்றன. அந்தக் குணத்துக்காகத்தான் விலை. ஸ்பீக்கரின் மரம் பாடக் கூடாது. பி.பி.சி. பொறியாளர்கள் பெட்டியின் மரப்பலகை தன் சொந்தக் குரலைச் சேர்த்துவிடாமல் இருக்க, பலகையின் கனம் எவ்வளவு, அதன் மேல் ஒட்டும் ஒலியடக்கும் பொருள் எது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது அதை ஊமையாக்குவதற்காகத்தான். ஒருவர் அழகிய தச்சு வேலையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்து மகிழ விரும்பினால் அது மதிப்புக்குரிய ஆசை. செய்தவருக்கு அதற்குரிய கூலி போய்ச் சேர வேண்டும். அந்த மகிழ்ச்சியைக் கண்ணின் கணக்கில் எழுத வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அதைக் காதின் கணக்கில் எழுதும்போது, குறைந்த வருமானத்தில் இசையை நேசிக்கும் ஒருவர் தனக்குக் கிடைத்திருப்பது தாழ்ந்த இசை என்று நம்பத் தொடங்குகிறார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக ஒரு வாதம் உண்டு: உச்ச விலை கொடுக்கும் சிலரால்தான் ஆராய்ச்சி நடக்கிறது, அதன் பலன் பிறகு எல்லாருக்கும் இறங்கி வருகிறது. இதில் உண்மை இருக்கிறது. கே.இ.எஃப்.பின் பிளேடு என்ற விலை உயர்ந்த ஸ்பீக்கருக்காகச் செய்த வேலையிலிருந்து கற்றவை எல்.எஸ்.50இல் வந்து சேர்ந்தன. ஆனால் பெரிய திருப்பங்களை எடுத்துப் பாருங்கள். ரைஸும் கெல்லாக்கும் மின்கருவிகள் செய்யும் ஒரு பெருநிறுவனத்தின் சம்பளக்காரர்கள். ஸ்மால் பல்கலைக்கழக ஆய்வாளர். பி.பி.சி.யின் ஆய்வுக்குக் காசு கொடுத்தவர்கள் வானொலி, தொலைக்காட்சிக்கு உரிமக் கட்டணம் கட்டிய குடும்பங்கள். டூலின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கனடா நாட்டின் வரிப்பணம். அவர் அளந்த முறையை அடியொற்றி எழுந்த தொழில்தரம், ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி எழுபது கோணங்களில் அளந்து ஒரே தாளில் வரையச் சொல்கிறது. எந்த விலைப் பெட்டிக்கும் ஒரே தாள். வில்ச்சூரோ, தன் காப்புரிமை நீதிமன்றத்தில் செல்லாதென்று ஆனபோது மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. காற்றுவில் எல்லா நிறுவனங்களின் பெட்டிக்குள்ளும் புகுந்தது. 1967இல் நிறுவனத்தை விற்றுவிட்டு, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் இருந்துகொண்டு செவிப்புலன் கருவிகள் பக்கம் திரும்பினார். காது மங்கியவர்களுக்கு எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவது பயன்படாது. தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனியாக, மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்க வேண்டும் என்று கண்டு 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. இன்று உலகெங்கும் முதியவர்கள் காதில் அணியும் கருவிகள் அந்த வழியில்தான் வேலைசெய்கின்றன.